ஞானமணி வாசித்த கடைசி அறிவித்தல்

கேட்டி நகரத்துப் பொலிஸ்காரிக்குப் பிரெஞ்சு தெரியாது. தெரியாததற்கு அவளைக் குறை சொல்ல முடியாது. டெக்சாஸில் வெயில் நூற்று நாலு டிகிரியில் கொளுத்தும் ஒரு பின்னேரம், ஃப்ரீவேயை ஒட்டிய சாலையின் நட்டநடுவில், கறுப்புக் குடையும் முழுக்கைச் சட்டையுமாக எழுபத்துமூன்று வயது மனிதர் ஒருவர் நின்று ‘மா ஃபாம், மா ஃபாம்’ என்று அழுவார் என எந்தப் பயிற்சிக் கல்லூரியில் சொல்லிக்கொடுப்பார்கள்? கைபேசியைக் கேட்டுப் பார்த்தாள். ‘என் மனைவி’ என்று அது மொழிபெயர்த்தது. கிழவரின் மணிக்கட்டு வளையத்தில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. அதை அழைத்தபோது எடுத்துப் பேசியது அந்த மனைவியேதான்.

பத்து நிமிடத்தில் மகள் ரூபிகாவின் காரில் ஞானமணி வந்து இறங்கினாள். பொலிஸ்காரி முகம் மலர்ந்து, ‘இதோ உங்கள் மனைவி வந்துவிட்டார்’ என்று கையைக் காட்டினாள். கிழவர் வரதராஜா ஞானமணியை மேலும் கீழும் பார்த்தார். இவர் எங்கள் வீட்டில் வேலைக்கு நிற்கும் அம்மா என்று பிரெஞ்சில் மரியாதையாகச் சொன்னார். கைபேசி அதையும் ஒளிக்காமல் மொழிபெயர்த்துக் கொடுத்தது. பொலிஸ்காரியின் முகம் சுருங்கிவிட்டது. நாற்பத்தொரு வருடம் கூடவே வாழ்ந்த புருசனை வீட்டுக்குக் கூட்டிப் போக ஞானமணி ஐ.டி. கார்டை எடுத்து நீட்ட வேண்டியிருந்தது.

அந்த மாதத்தில் இது நாலாவது தடவை. இந்தத் தடவை ஒரு லொறி அவருக்கு ஆறடி தள்ளித்தான் நின்றிருந்தது. தார் ரோட்டில் டயர் கருகின கோடு இரண்டும் புதிதாகத் தெரிந்தன. காரில் ஏறியதும் ரூபிகா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துச் சொன்னாள். “அம்மா, காணும், இனி ஏலாது. திங்கக்கிழமை அப்பாவை அந்த மெமரி கேருக்குக் கொண்டுபோய் விடுவம். நான் கையெழுத்து வைக்கப் போறன்.” ஞாபகம் தப்பினவர்களை வைத்துப் பராமரிக்கும் இல்லம் அது. அன்றைக்குப் புதன்கிழமை.

ஞானமணி யார் என்று கேட்டியில் இன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது. ரூபிகாவின் அம்மா, மருமகன் நிருஜனின் மாமி, பக்கத்து வீட்டுப் பர்வதம் ‘ஆன்ட்டி’ என்று கூப்பிடும் சிலோன்காரி, அவ்வளவுதான். ஆனால் இருபத்தைந்து வருடத்துக்கு முன் பாரிஸில் லாச்சப்பல் பக்கம் அவள் மரக்கறி வாங்கப் போனால் கடைக்காரர் நிறுத்து முடிந்த பிறகும் இரண்டு கத்தரிக்காயைக் கூடப் போடுவார். பின்னால் நிற்கும் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்து, ‘டீவிக்காரி, டீவிக்காரி’ என்பார்கள். சேலையின் கரை என்ன நிறம் என்று வீட்டுக்குப் போய்த் தங்கச்சிக்கு ஃபோன் எடுத்துச் சொல்வார்கள்.

சேனாபதி என்று ஒரு மனிதர், பலசரக்குக் கடையொன்றின் மேல்மாடியில் ‘கதிர் தொலைக்காட்சி’ என்று ஒன்றைத் தொடங்கினார். அவரிடம் இரண்டு கமராவும் ஒரு நீலத் துணியும் ஓயாத வாயும் இருந்தன. பெண் முகம்தான் கிடைக்கவில்லை. குமர்ப்பிள்ளைகளை டீவிக்கு அனுப்ப எந்தத் தாய் தகப்பன் சம்மதிப்பார்கள்? கோவில் திருவிழாவில், கூட்டத்தில் தவறிய பிள்ளைகளை ஒலிபெருக்கியில் அறிவித்த குரல் அவருக்கு ஞாபகம் வந்தது. விசாரித்துக்கொண்டு வந்தார். அந்தக் குரலுக்கு நாற்பது வயது. விடிய ஐந்து மணிக்கு ஒரு வங்கியின் தரையைத் துடைத்துவிட்டு வந்து படுத்திருந்தது.

சொந்தக்காரர் கூடிக் கதைத்தார்கள். அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதையாகப் போகும் என்று ஒரு சித்தி சாபமே போட்டாள். புருசன்காரர் ரெஸ்டோரண்ட் குசினியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தவர். அவர்தான் சொன்னார்: “நீர் போய் வாசியும். தட்டுக் கழுவுறவனுக்கு டீவி நட்சத்திரம் மனுசியா வாச்சால் கசக்குமோ?”

போனாள். முதல் நாள் விளக்குச் சூட்டில் பொட்டு உருகி மூக்கில் வழிந்தது. துடைக்காமல் வாசித்து முடித்தாள். ஆறு மாதத்தில் கமராவுக்கு முன்னால் இருந்தவள் பின்னாலும் போய்விட்டாள். யார் பேசுவது, எதை வெட்டுவது, எங்கே விளக்கு வைப்பது எல்லாம் அவள் சொன்னபடிதான். பெண்களுக்கென்று ஒரு மணித்தியாலம் தொடங்கினாள். பிரெஞ்சு டாக்டரிடம் சொல்ல வெட்கப்பட்ட வருத்தங்களை அதில் பெயரில்லாமல் எழுதிக் கேட்டார்கள். கொலோனிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் கடிதம் சாக்கில் வந்தது. சேனாபதி முதலாளி என்று பெயர்தான். அவள் வந்தால் சிகரெட்டை அணைத்துவிட்டு எழும்பி நிற்பார்.

ஆனால் சனங்கள் அவளை நினைத்து வைத்திருந்தது மரண அறிவித்தலுக்காக. எங்கள் ஆட்கள் நாடு நாடாகச் சிதறிப்போன காலம் அது. யாழ்ப்பாணத்து அளவெட்டியில் தகப்பன் செத்தால் டென்மார்க்கில் மகனுக்கும் லண்டனில் மகளுக்கும் மாமன் மச்சானுக்கும் சேர்த்துச் சொல்ல அந்த டீவிதான் இருந்தது. பிறப்பிடம், வதிவிடம், யாருடைய மகன், யாருடைய மருமகன் என்று முப்பது நாற்பது பெயர் வரும். ஒரு பெயர் விட்டால் குடும்பம் இரண்டாகும். ஞானமணி ஒரு பெயரையும் விட மாட்டாள். அழவும் மாட்டாள், அவசரப்படவும் மாட்டாள். ‘அன்னார்’ என்று அவள் தொடங்கினால் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களும் கையை நிறுத்துவார்கள்.

ஆனைக்கும் அடி சறுக்கும். ஒரு நாள் ஃபாக்ஸில் வந்த ஒரு மரணத்தை அப்படியே வாசித்துவிட்டாள். மனிதர் உயிரோடு இருந்தார். கலியாணக் கோபத்தில் சம்பந்தி வீட்டார் செய்த வேலை. ஊரில் அவருடைய தாய் ஃபோனில் செய்தி கேட்டு மயங்கி விழுந்து, ஒரு பக்கம் வழங்காமல் போய்விட்டது. அடுத்த நாள் அந்த மனிதரின் தம்பி ஸ்டூடியோ வாசலில் நின்று, இறங்கி வந்த ஞானமணிக்கு நடுத்தெருவில் கன்னத்தைப் பொத்தி அறைந்தான். மோதிரம் கிழித்து இடது புருவத்துக்கு மேல் மூன்று தையல் போட வேண்டி வந்தது. அவள் அவனைக் குற்றம் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒரு சட்டம் போட்டாள்: இரண்டு பேர் வாயால் கேட்காமல் ஒரு மரணமும் வாசிக்கப்படாது. முடியும் வரை அதை மீறவில்லை.

வரதராஜாவும் அன்றிலிருந்து ஒரு சட்டம் போட்டார். ரெஸ்டோரண்டில் மத்தியானச் சாப்பாடு முடிந்து இரவு வேலை தொடங்கும் வரை மூன்று மணித்தியாலம் ஓய்வு. மற்றவர்கள் படுப்பார்கள், சீட்டு விளையாடுவார்கள். அவர் குடையை எடுத்துக்கொண்டு வந்து சரியாக நாலு மணிக்கு ஸ்டூடியோவுக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பார். மனைவி இறங்கி வந்ததும் மெட்ரோ வரை கூட நடப்பார். பதினொரு வருடம், பனியென்றும் மழையென்றும் இல்லை.

பிறகு எல்லாருடைய கையிலும் ஃபோன் வந்தது. கதிர் தொலைக்காட்சி மூடப்பட்டது. ரூபிகா கலியாணம் கட்டி டெக்சாஸுக்கு வந்தாள். பெட்ரோல் கம்பெனி இஞ்சினியர் மருமகன் நிருஜன் நல்ல பிள்ளை, மாமா மாமிக்கு ரூபிகாவின் பெயரில் கிரீன் கார்ட் எடுத்துக் கூப்பிட்டான். வந்து மூன்றாம் வருடம் வரதராஜாவுக்கு மறதி தொடங்கியது. முதலில் சாவி, பிறகு நாள், பிறகு பேரப்பிள்ளையின் பெயர். ஒரு நாள் காலமை தேத்தண்ணி கொண்டுபோன ஞானமணியை நிமிர்ந்து பார்த்து, “வையுங்கோ அம்மா, நன்றி” என்றார். அவளை அவர் ‘நீர்’ என்றுதான் சொல்வார். அந்த ‘வையுங்கோ’ அவளுக்கு அன்றைக்கு நடுத்தெருவில் வாங்கிய அறையை விட வலித்தது.

அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நிருஜன் பழைய டீவி கசெட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தான். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தால் கெட்ட குடும்பங்களுக்குக் கணக்கில்லை. திரையில் நாற்பது வயது ஞானமணி வந்தவுடன் வரதராஜா எழும்பி நின்றார். “இவதான் என்ர மனுசி!” என்று வேலைக்கு நிற்கும் அம்மாவுக்குப் பெருமையாகக் காட்டினார். அதன் பிறகு திரையைப் பார்த்தால்தான் ஒரு வாய் சாப்பிடுவார். நாலு மணி ஆனதும் குடையை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுவார், மனைவியைக் கூட்டி வர.

பூட்டைப் போட்டார்கள், பூட்டைத் திருகித் திருகி விரல் கிழிந்து இரத்தம் வந்தது. கதவுக்கு மணி கட்டினார்கள். கராஜ் வழியால் போனார். டீவியை ஒளித்தார்கள், இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. கடைசியில் ஞானமணி, தானே ஒரு நிகழ்ச்சி தயாரிப்பது என்று முடிவெடுத்தாள். தலைக்கு மை பூசி, பழைய நீலச் சேலையைக் கட்டி, உடுப்பு அடுக்கும் அறைக்குள் ஃபோனை நிறுத்தி வைத்தாள். சுற்றிவர உடுப்புத் தொங்கினால் எதிரொலி வராது என்று அவளுக்குத் தெரியும். ‘வரதராஜா அவர்களுக்கு ஒரு தகவல். உங்கள் மனைவிக்கு இன்றைக்கு வேலை கூட, முடிய நேரமாகும். வர வேண்டாம், வீட்டிலேயே இருங்கோ’ என்று வாசித்து அதை டீவியில் போட்டாள்.

வரதராஜா கவனமாகப் பார்த்தார். “புதுசா ஒரு வயது போன மனுசியைப் பிடிச்சிருக்கிறாங்கள். பரவாயில்லை, நல்லா வாசிக்கிறா. ஆனா என்ர மனுசி மாதிரி வராது” என்றார். அன்றைக்கு அவர் வெளியே போகவில்லை. ஞானமணி குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். அந்தத் தந்திரமும் ஏழெட்டு நாள்தான் ஓடியது. தினமும் வேலை கூட என்றால் எந்தப் புருசன்தான் சும்மா இருப்பான்? இன்னும் பயந்துபோய், இன்னும் வெள்ளென, நாலு மணிக்கு முன்பே வெளிக்கிடத் தொடங்கினார். அப்படிப் போன நாளில்தான் லொறி ஆறடியில் நின்றது.

வியாழக்கிழமை காலமை, குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவளிடம் வரதராஜா வந்தார். சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டார்.

“அம்மா, நீங்கள் அந்த டீவியில வாசிக்கிறவ தானே? முகம் இப்பதான் பிடிபட்டது. ஒரு அறிவித்தல் போடோணும்.”

ஞானமணி கையைத் துடைத்துவிட்டுப் பேனாவும் ஒரு கடித உறையும் எடுத்து மேசைக்கு முன்னால் இருந்தாள். கை தானாகவே அப்படிச் செய்தது. “சொல்லுங்கோ. என்ன அறிவித்தல்?”

“காணவில்லை எண்டு. என்ர மனுசியைக் காணேல்லை. ஞானமணி வரதராஜா. நாப்பது வயது. பிறந்தது அளவெட்டி.”

“எவ்வளவு நாளாக் காணேல்லை?”

“கன நாள். நான் நாலு மணிக்குப் போய் நிக்கிறனான். அந்த இடம் பிடிபடுகுதில்லை. ரோட்டு எல்லாத்தையும் மாத்திப்போட்டாங்கள். அவவைத் தனிய விடக்கூடாது, அடிச்சுப்போடுவாங்கள்.”

“அடையாளம் ஏதும் இருக்குதோ?”

“இடது புருவத்துக்கு மேல ஒரு தழும்பு. பவுடர் போட்டு மறைச்சுப்போடுவா. எனக்கு மட்டும்தான் தெரியும்.”

ஞானமணி பேனாவை வைத்தாள். நெற்றி மயிரை ஒதுக்கி முகத்தை அவருக்குக் கிட்டக் கொண்டுபோனாள். “இப்பிடியோ?” என்றாள். இதற்கு மேல் காட்ட அவளிடம் ஒன்றுமில்லை. அவர் குனிந்து, கண்ணைச் சுருக்கி, நன்றாகப் பார்த்தார். விரலால் தொடக்கூடப் போய் மரியாதைக்கு நிறுத்திக்கொண்டார்.

“ஓம், இதைப் போலதான். உங்களுக்கும் ஆரோ அடிச்சவங்களோ? பாவம்.”

அந்தக் கடித உறையை முன்னால் வைத்துக்கொண்டு ஞானமணி கன நேரம் இருந்தாள். காணவில்லை என்ற அறிவித்தல்களையும் அவள் நூற்றுக்கணக்கில் வாசித்தவள். அந்தத் தாய்மாரை அவளுக்குத் தெரியும். பிள்ளை செத்துவிட்டது என்று கேட்ட தாய் தலையிலடித்து அழுவாள், எட்டாம் நாள் சடங்கு முடியும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும், பிறகு ஒரு பிடி சோறு தின்னுவாள். பிள்ளையைக் காணவில்லை என்ற தாய் இருபது வருடமானாலும் ஓரிடத்தில் இருக்க மாட்டாள். கதவு தட்டுப்பட்டால் ஓடுவாள். மெமரி கேரில் கதவுக்கு நல்ல பூட்டு உண்டு, தோட்டம் உண்டு, கனிவான தாதிமார் உண்டு. அவள் போய்ப் பார்த்தவள்தான். ஆனால் அந்தப் பூட்டு அவருடைய காலைத்தான் கட்டும். தமிழும் பிரெஞ்சும் தெரியாத ஆட்களுக்கு நடுவில், பூட்டின கதவுக்குப் பின்னால் நின்று, சாகும் வரை மனைவியைத் தேடிக்கொண்டிருப்பார்.

பின்னேரம் ரூபிகா வேலையால் வந்ததும் ஞானமணி தன் முடிவைச் சொன்னாள். ரூபிகா கைப்பையைக் கீழே போட்டாள்.

“அம்மா, ஆர் யூ சீரியஸ்? உங்கட மரணத்தை நீங்களே வாசிக்கப் போறியளோ? அப்பாவுக்கு அது எவ்வளவு பெரிய பொய்!”

“பொய்தான். எனக்குப் பொய் வாசிச்சுப் பழக்கமில்லை. ஒருக்கா வாசிச்சதுக்கே தழும்பு கிடக்குது.” ஞானமணி கைப்பையை எடுத்து மேசையில் வைத்தாள். “தலைக்கு மேல வெள்ளம் போகுது பிள்ளை, சாண் என்ன முழம் என்ன? எனக்கு அவர் வீட்டில இருக்கோணும். என்னைத் தெரியாட்டிலும் பரவாயில்லை. அவருக்கு ஒரு வாய் சோறு நான் குடுக்கோணும். திங்கக்கிழமை வரைக்கும் பொறு. இதுவும் சரிவராட்டி நானே காரில ஏத்தி விடுறன்.”

வெள்ளிக்கிழமை காலமை உடுப்பு அறைக்குள் விளக்கை வைத்தார்கள். ரூபிகா ஃபோனைப் பிடித்தாள். ஞானமணி வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். எழுத வேண்டிய தேவையே இல்லை, எல்லாம் மனப்பாடம். ‘யாழ்ப்பாணம் அளவெட்டியைப் பிறப்பிடமாகவும், பாரிஸை வதிவிடமாகவும் கொண்ட திருமதி ஞானமணி வரதராஜா அவர்கள் காலமானார்.’ தாய் வசந்தாமணியின் பெயரிலிருந்து மருமகன் பெயர் வரை ஒழுங்காக வந்தது. ‘வரதராஜாவின் பாசமிகு மனைவியும்’ என்ற இடத்தில் மட்டும் வாசிப்பு நின்றது. இப்படி ஒரு நாளும் அவளுக்கு வந்ததில்லை.

“வெட்டு. திரும்பவும் எடுப்பம்” என்றாள். பிறகு மகளைப் பார்த்தாள். “நீ அழாத. ஃபோன் ஆடுது.”

மூன்றாம் தடவை சரியாக வந்தது. கடைசியில், இறுதிக்கிரியைகள் பாரிஸில் நடந்து முடிந்தன என்று ஒரு வசனம் சேர்த்தாள். இல்லாவிட்டால் அவர் செத்த வீட்டுக்கு வெளிக்கிடுவார். அந்த நேரத்திலும் தயாரிப்பாளர் மூளை வேலை செய்தது. அதை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

சனிக்கிழமை பின்னேரம் மூன்றரைக்கு அதைப் போட்டார்கள். வரதராஜா சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார். ‘அன்னார்’ என்ற சொல் கேட்டதும் கை நின்றது. தலையைச் சரித்துக் கடைசி வரை கேட்டார். பிறகு திரும்பி, சோபாவின் ஓரத்தில் நின்ற ஞானமணியைப் பார்த்தார். முகத்தில் கோபமில்லை, தெளிவு இருந்தது.

“ரெண்டு பேரிட்டைக் கேட்டுத்தானே வாசிச்சனீங்கள்? அங்க அப்பிடி ஒரு சட்டம் இருக்கு.”

“ஓம். கேட்டுத்தான்.”

“ஆர் ஆர்?”

“உங்கட மகள் ஒராள்.” ஞானமணி படியின் பக்கம் கையைக் காட்டினாள். “மற்றது நான். பக்கத்தில நிண்டு கண்ணால கண்டனான்.”

“பிள்ளை!” என்று கூப்பிட்டார். படியில் நின்ற ரூபிகா இறங்கி வந்தாள். கலியாண வீட்டுக்குப் போகாமல் நிற்பதற்குக்கூடப் பொய் சொல்லத் தெரியாத பெண் அவள். தகப்பனுக்கு முன்னால் முழங்காலில் நின்று, தாயை நிமிர்ந்து பார்க்காமல், “ஓம் அப்பா. அம்மா போயிட்டா” என்றாள்.

வரதராஜா சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காகப் பக்கத்தில் வைத்தார். பிறகு அழுதார். வயிற்றிலிருந்து வந்த அழுகை. “நான் வரப் பிந்திப்போச்சு, நான் வரப் பிந்திப்போச்சு” என்று அதையே சொல்லிச் சொல்லி அழுதார். ஞானமணி இரண்டடி தள்ளி நின்றாள். தொட்டு ஆற்றுவதற்கு அவளுக்கு உரிமை இல்லை. வேற்று மனுசி தொட்டால் அவர் கூசுவார். தன் சாவுக்கு அழும் புருசனைப் பார்க்கும் வரம் யாருக்கும் கிடைக்கக் கூடாது.

இரண்டு நாள் அவர் ஒன்றும் தின்னவில்லை. ரோட்டில் சாகாமல் காப்பாற்றி வீட்டில் பட்டினியால் கொல்லப் போகிறேனோ என்று ஞானமணி நடுங்கினாள். திங்கட்கிழமை விடிய, எல்லாம் பொய், நான்தான் உங்கட மனுசி என்று கத்திவிடுவோமா என்றுகூட வாய் வந்தது. கத்தி என்ன பயன்? பத்து மணிக்கு, “கொஞ்சம் கஞ்சி இருக்குதோ அம்மா?” என்று அவர் கேட்டார். ரூபிகா அடுத்த அறைக்குள் போய் மெமரி கேருக்கு ஃபோன் எடுத்து, இப்போதைக்கு வரவில்லை என்றாள்.

நாலு மணி வந்தது, போனது. கதவு பூட்டாமல் கிடந்தது. அவர் எழும்பவில்லை. சுவரில் ரூபிகா மாட்டிய ஞானமணியின் பழைய படத்துக்கு முன்னால் இருந்தார். இந்தியக் கடைகள் இருக்கும் ஹில்க்ராஃப்ட் தெருவில் வாங்கிய மல்லிகை மாலை அதில் தொங்கியது. புதன்கிழமை பக்கத்து வீட்டுப் பர்வதம் சாம்பார் பாத்திரத்தோடு வந்தவள், படத்தைப் பார்த்தாள், கதவைத் திறந்த ஆளைப் பார்த்தாள், பாத்திரத்தைக் கீழே போடப் பார்த்தாள்.

“ஐயையோ ஆன்ட்டி! என்ன இது, உயிரோட இருக்கறவங்க போட்டோக்குப் போயி மாலை போட்டு வெச்சிருக்கீங்க?”

“மெல்லக் கதையும் பர்வதம், அவருக்குக் கேக்கும். நான் செத்து அஞ்சு நாள்” என்றாள் ஞானமணி. சொல்லிவிட்டுச் சிரித்தாள். பர்வதம் சிரிக்கவில்லை. கையிலிருந்த பாத்திரத்தோடு வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

பென்டிரைவை அதன் பிறகு வரதராஜா போடவிடவில்லை. செத்தவளைப் பார்த்துக்கொண்டு இருக்க ஏலாது, நிப்பாட்டுங்கோ என்றார். அப்படியாக, வருடக்கணக்காக ஐரோப்பா முழுக்கப் பார்த்த ஞானமணிக்குக் கடைசியாக மிஞ்சியிருந்த ஒரு பார்வையாளரும் போனார். நாற்பது வயதுக்காரியை அவள்தான் கொன்றாள், அறுபத்தாறு வயதுக்காரியை யாரும் கேட்கவில்லை. அவள் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. அவர் வீட்டில் இருந்தார், சாப்பிட்டார், மாத்திரை விழுங்கினார். அதைச் சந்தோசம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி என்று அவர் நாளை எண்ணி வைத்திருந்தார். கிழமை மறந்த மனிதர், அந்தக் கணக்கை மட்டும் மறக்கவில்லை. ஞானமணி விடிய எழும்பித் தலை முழுகி, தனக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பைத் தானே காய்ச்சி, தன் படத்துக்குத் தானே படைத்தாள். மத்தியானம் அவருக்கு வாழையிலையில் சோறு போட்டாள். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து இருந்தவர், சோற்றைத் தொடாமல் அவளைப் பார்த்தார்.

“இந்த ஒரு மாசமும் எல்லாம் நீங்கள்தான் செய்தனீங்கள். என்ர மனுசி இருந்தாலும் இப்பிடித்தான் செய்திருப்பா. உங்களுக்கு ஆக்கள் இல்லையோ அம்மா? மனுசன்?”

“இருக்கிறார்.”

“அப்ப அவர் உங்களைத் தேட மாட்டாரோ?”

“தேடினவர்” என்றாள் ஞானமணி. “கன நாள் தேடினவர். வெயிலுக்குள்ள, ரோட்டு ரோட்டாத் தேடினவர். இப்ப விட்டிட்டார்.”

வரதராஜாவுக்குக் கோபம் வந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் உயிர் வந்தது அப்போதுதான். “விட்டிட்டாரோ? உயிரோட இருக்கிற மனுசியைத் தேடாமல் விட்டிட்டு வீட்டில குந்தியிருக்கிறவன் என்ன மனுசன்?”

“அவரில பிழையில்லை. அவரை ஒண்டும் சொல்லாதேங்கோ.” அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். “நான் செத்துப்போனன் எண்டு ஆரோ அவருக்குச் சொல்லிப்போட்டினம்.”

“ஆர் அந்தப் பாவி?”

ஞானமணி அகப்பையைத் திரும்ப எடுத்தாள். குழம்பை அள்ளி அவருடைய சோற்றில் விட்டாள். “ஆறப்போகுது, சாப்பிடுங்கோ” என்றாள். அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சோற்றைப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினார்.